கம்பிப் பல்லும் பியூகிளும்

பத்தாம் வகுப்பில் இருந்தபோது எனக்குப் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. கோவில்பட்டியில் அதற்கு முன்னால் வேறு யாருக்காவது போட்டிருந்தார்களா என்று தெரியாது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் இல்லை.

மேல் வரிசையின் முன்பற்கள் எனக்கு உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாயை மூடிவைக்கவே ஒரு கவனம் வேண்டும். கொஞ்சம் மறந்தால் திறந்துகொள்ளும். "இவளுக்கு மட்டும் யாருட்டி எப்பப் பாத்தாலும் ஜோக்கு சொல்லுதா?" என்று வகுப்பில் கேட்பார்கள். பதில் சொன்னால் பல் இன்னும் தெரியும் என்பதால் நான் சொல்வதில்லை. பேசினாலும் சிரித்தாலும் கை தானாக வாய்க்குப் போய்விடும். பல் நேராகி இத்தனை வருடமான பிறகும், புது ஆட்களிடம் பேசும்போது அது போகத்தான் செய்கிறது.

அம்மாவுக்கு இந்தப் பல் ஒரு தீராத கவலை. "இதச் சரி பண்ணாம நாளைக்கு எந்த வீட்டுல இவளக் கேட்டு வருவாவ?" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்பா சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். முன்னால் வீடு, பின்னால் ஆபீஸ். மதுரையில் ஒரு டாக்டர் பல்லைக் கம்பி கட்டி உள்ளே இழுக்கிறார் என்று சரக்கு ஏற்றும் லாரி செட்டில் யாரோ சொல்ல, அப்பா என்னை அங்கே கூட்டிப்போனார்.

அந்தச் சமயத்தில் நான் பள்ளிக்கூட பேண்டில் பியூகிள் ஊதிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் டிரில் டீச்சர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் பியூகிளைக் கொடுத்து ஊதச் சொன்னார். பியூகிளில் விரல் வைத்து மூட ஓட்டை கிடையாது, அமுக்கக் கட்டை கிடையாது. பித்தளைக் குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கினால் சத்தம் மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் வெறும் காற்றுதான் வந்தது. எனக்கு வந்த சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காய்கள் கலைந்து பறந்தன.

"யாரு அது? இன்னொரு தடவ ஊது" என்றார் டீச்சர்.

"ரெண்டு பல்லும் முட்டுக் குடுக்குதுல்லா டீச்சர், அதான்" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கை வாய்க்குப் போகவில்லை, ஏனென்றால் வாயில் பியூகிள் இருந்தது. அதை உதட்டில் வைத்திருக்கும்வரை என் பல்லை யாரும் பார்க்க முடியாது. நான்கு பேர் முன்னால் நிற்கவே கூச்சப்படுகிற நான், பள்ளிக்கூடம் முழுவதும் பார்க்க நின்று ஊதியது இதனால்தான். சத்தத்தின் மேல் ஆசை வந்தது அதற்குப் பிறகு.

மதுரை டாக்டர் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எவர்சில்வர் வளையம் மாட்டி, எல்லா வளையத்தையும் சேர்த்துக் கம்பி இழுத்துக் கட்டினார். முறுக்கு கூடாது, கரும்பு கூடாது, கடலை மிட்டாய் கூடாது என்றார்.

"கடலை மிட்டாயுமா?" என்று அப்பா கேட்டார். கோவில்பட்டிக்காரரிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? பியூகிளைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நாக்கால் கம்பியைத் தடவிக்கொண்டே வந்தேன். சாத்தூர் தாண்டியதும் விதைக்காத கரிசல் காடு ரெண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. வெயிலில் உதடு காய்ந்து கம்பியில் ஒட்டியது. அப்பாவும் என்னைப் போலத்தான், பேச்சு வராது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னைச் சுற்றிக் கூட்டம்.

"ஏட்டி, வாய்க்கு கேட்டு போட்டாச்சு. சாவி யாருகிட்ட இருக்கு?"

"வாய மூடுட்டி, மழ பெஞ்சா துரு ஏறிரும்."

"மழையா? இங்கன அத எங்க போயிப் பாக்க?"

இன்று எங்கள் தெருவில் பிள்ளைகள் பச்சையும் நீலமுமாக ரப்பர் போட்ட கம்பியைக் காட்டிச் சிரித்துக்கொண்டு டியூஷன் போகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அன்று நான் மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

கேலி பெரிய விஷயமில்லை. சாயங்காலம் பேண்டு பிராக்டிஸில்தான் எனக்கு உயிர் போனது. பியூகிளை உதட்டில் வைத்து அழுத்தினேன். உள்ளே கம்பி உதட்டைக் குத்தியது. உதட்டை இறுக்க முடியவில்லை. முன்பு தானாக வந்துகொண்டிருந்த சத்தம் வராமல், சைக்கிள் டியூபில் காற்று இறங்குவதுபோல் ஒன்று வந்தது. இன்னும் அழுத்தினேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

பேண்டில் ரெண்டு பியூகிள் உண்டு. பழைய பியூகிளை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஊதுவாள். புதுசு என்னிடம். கொடியேற்றும்போது தனியாக ஊதுவது நான் மட்டும். டீச்சர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொடி ஏறும்போது எனக்குச் சத்தம் வேணும் பிள்ள. நீ ஊதினாலும் சரி, அவ ஊதினாலும் சரி."

"நான் ஊதுதேன் டீச்சர்."

"ஊதுதேன்னு சொன்னாப் போதுமா? ஆகஸ்டு பதினஞ்சுக்கு நீயே ஊது. அன்னைக்குச் சத்தம் வரலன்னா பியூகிள அவகிட்ட குடுத்துரணும். அப்புறம் அழக் கூடாது."

நான் தலையாட்டினேன். அழுகை அப்போதே வந்துவிட்டது.

தினமும் பியூகிளை வீட்டுக்கு எடுத்துவந்து ஆபீஸ் பக்கம் நின்று ஊதிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, உதடுதான் புண்ணானது. வழி கிடைத்தது தற்செயலாக. தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன்னால் உருக்கிய மெழுகில் முக்குவார்கள். அப்போதுதான் தீ குச்சியில் பிடித்து எரியும். மெழுகுச் சட்டியின் விளிம்பில் வழிந்து உறைந்திருப்பதைப் பிய்த்து வாயில் போட்டு மெல்லுவது தீப்பெட்டி ஆபீஸ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். ருசி ஒன்றும் இருக்காது. சும்மா மெல்லுவோம். அப்படி ஒருநாள் மென்றபோது மெழுகு கம்பிக்குள் போய் அப்பிக்கொண்டது. நகத்தால் தோண்டிக்கொண்டிருந்தவளுக்கு, கம்பி உதட்டைக் குத்தவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஓடிப்போய்ப் பியூகிளை எடுத்தேன். சத்தம் வந்தது! முழுசாக இல்லை, ஆனால் வந்தது.

அந்த மெழுகு சீக்கிரம் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் தேங்காயெண்ணெய் கொஞ்சம் விட்டு உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தேன். பூரி மாவு மாதிரி வந்தது. அதைச் சின்ன கயிறாகத் திரித்து, கம்பி மேல் வைத்து அழுத்தி, உதட்டை மூடினேன். பட்டுத்துணி வைத்ததுபோல் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் கொடிக்கு ஊதுவதை முதலிலிருந்து கடைசிவரை ஊதி முடித்தேன். உள்ளே தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி தலையை நீட்டினாள்.

"பாப்பா, கொடி ஏத்தியாச்சுல்லா? நாங்க வீட்டுக்குப் போகலாமா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சாயங்கால வெளிச்சமும், மெழுகு வாசமும், அந்தப் பெண்கள் சிரித்ததும் இன்னும் மனசில் அப்படியே இருக்கின்றன.

நான் பழகியதெல்லாம் காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும்தான். அதை நான் யோசிக்கவில்லை.

சுதந்திர தினத்தன்று வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளை சாக்ஸில் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றோம். கொடியேற்ற வரவேண்டிய பெரிய மனிதர் வரவில்லை. வேறு பள்ளிக்கூடத்தில் ஏற்றிவிட்டு வருகிறார் என்றார்கள். வெயில் ஏறியது. ஆகஸ்டு மாதத்துக் கோவில்பட்டி வெயிலைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பித்தளை தொடமுடியாமல் சுட்டது. உதடு மரத்துவிடாமல் இருக்க அடிக்கடி பியூகிளை வாயில் வைத்து மெதுவாக ஊதிப் பார்த்துக்கொண்டேன். நாக்கில் தேங்காயெண்ணெய் ருசித்தது. விழுங்கிக்கொண்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் அப்பா சைக்கிளோடு நிற்பது தெரிந்தது. வருவதாக அவர் சொல்லவில்லை.

ஜீப் வந்தது. பெரிய மனிதர் கயிற்றைப் பிடித்தார். டீச்சர் கையை உயர்த்தினார். நான் ஊதினேன்.

காற்றுகூட வரவில்லை. கன்னம் உப்பியதுதான் மிச்சம். மறுபடி ஊதினேன். பியூகிள் அடைத்துக்கொண்டிருந்தது.

உருகிய மெழுகு, நான் ஊதிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, வாய் வைக்கும் குமிழின் சின்னத் துளைக்குள் இறங்கிவிட்டது. பெரிய மனிதர் கயிற்றைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். மைதானம் முழுவதும் பார்த்தது. பக்கத்தில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தன் பியூகிளை நெஞ்சுவரை தூக்கிவிட்டு, "அக்கா, நான் ஊதட்டுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். பாவம், அவள் உதவியாகத்தான் கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

டீச்சர் வேகமாக வந்தார். "என்னட்டி?" நான் குமிழைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே வெள்ளையாக அடைத்திருந்ததைப் பார்த்தார். வளையலில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றை உருவி, துளையில் விட்டுக் குத்தி, குமிழை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினார். "ஊது. இப்ப ஊது."

பல்லில் மிச்சமிருந்த மெழுகு இளகிப்போயிருந்தது. பெருவிரலால் வழித்துப் பாவாடையில் துடைத்துவிட்டு, வெறும் கம்பி மேல் உதட்டை வைத்தேன். என்ன ஆகும் என்று தெரியும். அழுத்தினேன்.

முதல் சத்தம் கீறலாக வந்தது. அடுத்தது சரியாக வந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் ஒருமுறை உடைந்தது. நிறுத்தாமல் ஊதினேன். கொடி அவிழ்ந்து உள்ளே இருந்த பூ கொட்டியது. டிரம் ஆரம்பித்த பிறகுதான் பியூகிளைக் கீழே இறக்கினேன். தாடையில் வழிந்து சட்டைக் காலரில் ரத்தம் சொட்டியிருந்தது.

எல்லாரும் மிட்டாய் வாங்கப் போன பிறகு டீச்சர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். "வாயக் கழுவு. நாளைக்குப் பிராக்டிஸுக்கு வரும்போது அந்தக் குமிழ எண்ணெப் பிசுக்கு இல்லாமச் சுடுதண்ணில கழுவிக் கொண்டா" என்றார். பியூகிள் என்னிடமே இருக்கட்டும் என்பதை அவர் அப்படித்தான் சொன்னார்.

அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். எங்கள் தெரு வந்தது. பிறகு, "மெழுகுல எண்ணெ சேத்தியா?" என்றார்.

"ஆமா."

"எண்ணெ சேந்தா வெயிலுக்கு நிக்காது."



அந்த மாதம் மதுரைக்குப் போனபோது டாக்டர் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஒரு வளையம் கழன்றிருந்தது. கம்பி வளைந்திருந்தது. "என்ன இது? கடலை மிட்டாய் தின்னியா?"

"இல்ல டாக்டர், பியூகிள்" என்றார் அப்பா.

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பா கையை வாயருகே குவித்துக் காட்டினார். புரிந்ததும் டாக்டருக்குக் கோபம் வந்தது. "வாயில வச்சு இந்த அழுத்து அழுத்தினா கம்பி கழண்டுக்கிட்டேதான் இருக்கும். சீக்கிரம் முடியவேண்டியது இழுத்துக்கிட்டே போகும். முதல்ல அதை விடச் சொல்லுங்க."

நான் வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தேன். பேச முடியாது. கண்ணை மட்டும் திருப்பி அப்பாவைப் பார்த்தேன். பல் சீக்கிரம் சரியாகவேண்டும் என்று வீட்டில் அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பது அவருக்கும் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

"இழுத்துட்டுப் போனாப் போகட்டும் டாக்டர். பல்லு மெதுவா வரட்டும். பிள்ள ஊதட்டும்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "என்ன சொன்னாவ டாக்டரு? எப்ப முடியுமாம்?"

"கொஞ்சம் நாளாகும்னாரு" என்றார் அப்பா. "மதுரைக் கம்பில்லா, மெதுவாத்தான் இழுக்கும்."