அசனத்து அரிசி மூட்டை

ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு, எங்கள் சபையில் ஆண்கள் சோறு பொங்குவார்கள், பெண்கள் காய் வெட்டுவார்கள். இந்த வருடம் நான் பூசணிக்காயைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தேன்.

காரணம் என் அண்ணன். அரிசி மூட்டையைத் தூக்கக் குனிந்தவன், "அம்மோ!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உலை கொதித்துக்கொண்டிருந்தது. மூட்டையின் மறுமுனையில் சித்தப்பா மகனான தம்பி மட்டும் முழித்துக்கொண்டு நின்றான். நான் போய் அண்ணன் இடத்தில் நின்றேன்.

"ஏட்டி, போன வருசம் இடுப்பு பிடிச்சுக் கெடந்தவளாக்கும் நீ!" என்று அண்ணன் மனைவி, என் மைனி, சத்தம் போட்டார். வாஸ்தவம்தான். அப்போது ஒரு குடம் தூக்கவே பயந்தவள், பிறகுதான் குழித்துறையில் ஜிம்முக்குப் போய், உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பழகினேன். "இருந்து எழும்புகதுக்கு ஒரு ஜிம்மா?" என்று சிரித்ததும் இதே மைனிதான்.

"குனியாத மக்கா, முட்டு மடக்கி இரி" என்றேன் தம்பியிடம். கால்களை அகற்றி, முழங்காலை மடக்கி, பின்னால் நாற்காலி கிடப்பதுபோல் இடுப்பைத் தள்ளி இறங்கினேன். முதுகை நேராக வைத்து, வயிற்றை இறுக்கி, மூட்டையை உடம்போடு அணைத்து, குதிகாலை ஊன்றி எழுந்தேன். மூட்டையும் எங்களோடு எழுந்தது. தொடை நடுங்கியது. இடுப்பு ஒரு வார்த்தை பேசவில்லை.

தரையில் போட்ட பந்தியில் மைனிதான் சோறு விளம்பினார்.

"போதுமாட்டி?"

"நான் தூக்கின அரிசியாக்கும் மைனி. இன்னும் போடுங்க."

மைனி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குனியாமல், முட்டு மடக்கி இறங்கி, என் இலையில் சோற்றை வைத்தார்.