மங்களத்துக்கு என்ன பிடிக்கும்

சாரங்கபாணிக்கு அறுபத்தாறு வயது வரை தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொண்ட பழக்கம் இல்லை. அதை அவர் குறையாக நினைத்ததும் இல்லை, பெருமையாகச் சொன்னதும் இல்லை. வயலிலிருந்து வருவார், காலைக் கழுவுவார், உட்காருவார். இலை விழும், இலையில் சோறு விழும். போதும் என்று கையை மறிக்கிற வேலைகூட அவருக்கு வைத்ததில்லை. எவ்வளவு போட வேண்டும் என்பது அவர் மனைவி மங்களாம்பிகைக்குத் தெரியும். அவர் எழுந்து கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு வெளியே கிளம்பிய பிறகு அந்த அம்மாள் சாப்பிடுவார். அது எப்போது, எங்கே உட்கார்ந்து, என்ன போட்டுக்கொண்டு என்பதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற காரியம். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போகிற மனுஷனுக்கு அதில் என்ன வேலை?

ஊரில் அவருக்கு நல்ல மனுஷன் என்று பெயர். அந்தப் பெயர் பொய்யும் இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டிப் பாசனத்தில் அரை வேலி நிலம். அதை விற்காமல், தரிசு போடாமல் வைத்திருந்தார். குடி கிடையாது, சீட்டு கிடையாது, மனைவியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. ஓர் ஆண்பிள்ளையிடம் இதற்குமேல் என்ன எதிர்பார்ப்பது என்று ஊர் நினைத்தது. அவரும் அப்படியே நினைத்திருந்தார்.

ஒரே மகன் ராம்கி. கம்ப்யூட்டர் படித்தவனுக்கெல்லாம் விமானம் காத்துக்கொண்டு நின்ற காலத்தில் படிப்பை முடித்தவன், ஹூஸ்டனில் போய் இறங்கினான். அங்கேயே வேலை, வீடு, பிறகு குந்தவையோடு கல்யாணம், இரண்டு குழந்தைகள். வாருங்கள் வாருங்கள் என்று வருஷா வருஷம் கூப்பிடுவான். குறுவை இருக்கிறது, தாளடி இருக்கிறது என்று இவர் தட்டிக் கழிப்பார். கடைசியில் ஜூன் பிறந்தும் மேட்டூர் அணை திறக்காத ஒரு வருஷம் வந்தது. குறுவை இல்லை என்று ஆகிவிட்டது. நாற்றங்காலில் ஈரமில்லாமல் ஊரில் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதற்கு, பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று மனைவியோடு கிளம்பினார். போன இடத்தில் மகன் சும்மா இருப்பானா? மெக்சிகோ நாட்டுக் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டுக்கு ஆறு பேருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டான்.

ரிசார்ட்டின் வாசலில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டினார்கள். தங்குவது, தின்பது, குடிப்பது எல்லாம் அதிலேயே அடக்கம் என்றும், எந்நேரமும் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ராம்கி விளக்கினான். மங்களாம்பிகை அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக்கூடாது, இங்கேயும் அப்படித்தானா என்று மருமகளிடம் கேட்டார். குந்தவை சிரித்த சிரிப்பில் பெட்டி தூக்குகிறவனும் சேர்ந்து சிரித்தான்.

சங்கடம் சாப்பாட்டுக் கூடத்தில் ஆரம்பித்தது. சாரங்கபாணி நேராகப் போய் ஒரு மேஜையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும் என்று ராம்கி வந்து சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தட்டை ஏந்திக்கொண்டு ஆட்கள் நிற்பதை அவர் கோயில் அன்னதானத்தில்தான் பார்த்திருக்கிறார். அங்கே அவர் நிற்பது மேற்பார்வை பார்க்கிற பக்கம். இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து, அரை வேலிக்காரன் தட்டேந்தி நிற்பதா? நிற்கவில்லை. மங்களாம்பிகைதான் போனார். சோறு ஒரு நடை, குழம்பு மாதிரி ஏதோ ஒன்று ஒரு நடை, மீன் ஒரு நடை. அவர் சாப்பிட்டுக் கடற்கரைப் பக்கம் போன பிறகு, தனக்கென்று எதையோ எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். இரண்டு நாளும் மூன்று வேளையும் இதே கதைதான்.

ராம்கிக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவும் லீவுலதாம்ப்பா வந்துருக்காங்க," என்றான். சாரங்கபாணிக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்ததை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அன்று மாலை முழுக்க மகனிடம் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடலும் அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலை, நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஈரக்கல்லில் மங்களாம்பிகை வழுக்கி விழுந்தார். கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ரிசார்ட் டாக்டர் வந்து பார்த்து, எலும்பு முறியவில்லை, ஆனால் காலைக் கீழே ஊன்றக்கூடாது என்று கட்டுப்போட்டார். அன்றைக்கு எல்லோருமாக ஏதோ பழைய காலத்துக் கோபுரம் பார்க்கப் போவதாக இருந்தது. ராம்கி வேண்டாம் என்றான். குழந்தைகள் முகம் தொங்கியது. அப்பா இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று மங்களாம்பிகையே அவர்களை வற்புறுத்தி அனுப்பிவைத்தார். அப்பா பார்த்துக்கொள்வார் என்கிற வார்த்தையைக் கேட்டு ராம்கி அப்பாவை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்காகவாவது இன்று ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று சாரங்கபாணி மனதுக்குள் வைராக்கியம் வைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஆனதும் சாப்பாடு எடுத்து வருகிறேன் என்று கிளம்பினார். கூடத்துக்குப் போய் ஒரு தட்டை எடுத்தார். வெள்ளைத் தட்டு, கையில் கனத்தது. எதிரே கூடத்தின் நீளத்துக்கும் பாத்திரங்கள். மஞ்சள் சோறு, வெள்ளைச் சோறு, கறுப்புப் பயறு வேகவைத்தது, கோழி, மீன், பழங்கள். முதல் கரண்டியில் கையை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவளுக்கு எது பிடிக்கும்?

தனக்கு என்னென்ன பிடிக்கும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். விரால் மீன் குழம்பு, அதிலும் மாங்காய் போட்டது. கத்தரிக்காய் என்றால் பிஞ்சாக இருக்க வேண்டும். இதையெல்லாம் அவளும் அறிவாள், மகன் அறிவான், மருமகள்கூட அறிவாள். ஆனால் மங்களம்? அவள் சாப்பிடுகிற காட்சி ஒன்றையாவது நினைவுக்குக் கொண்டுவந்து, அந்த இலையில் என்ன இருந்தது என்று பார்க்க முயன்றார். பரிமாறுகிற கை நன்றாக நினைவில் இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தெறித்த தழும்புகூடத் தெரிந்தது. வாய் தெரியவில்லை. கல்யாணங்களில் பெண்கள் பந்தி வேறு. உறவினர் வீடுகளில் அவள் அடுப்பங்கரையோடு போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டு, பெண்டாட்டி சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று ஒருவன் சொன்னால் அவனை என்னவென்று சொல்வது? சாரங்கபாணி தன்னையே அப்படித் திட்டிக்கொண்டார்.

பின்னால் நின்ற வெள்ளைக்காரர் நாகரிகமாகக் கனைத்தார். இவர் வரிசையை விட்டு விலகி, ராம்கி கொடுத்துவிட்டுப் போன செல்போனை எடுத்தார். ரூம் சர்வீஸுக்குச் சொன்னால் அவர்களே கொண்டுவருவார்களே என்றான் ராம்கி.

"என்னன்னுடா சொல்றது? அம்மாவுக்கு என்ன புடிக்கும்?"

"அம்மா எது குடுத்தாலும் சாப்பிடுவாங்கப்பா," என்றான். பக்கத்தில் இருந்த குந்தவையிடம் அவன் கேட்பதும், அத்தையிடம் அதைக் கேட்டதே இல்லையே என்று அவள் சொல்வதும் இவர் காதில் விழுந்தன. நேற்று அப்பாவுக்குப் புத்தி சொன்ன பிள்ளைக்கும் தெரியவில்லை. அதில் சாரங்கபாணிக்குத் திருப்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது.

வெறும் தட்டோடு அறைக்குத் திரும்பினார். கட்டிலில் சாய்ந்திருந்த மங்களாம்பிகை, அதற்குள் சாப்பாடு தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார்.

"மங்களம், உனக்கு என்ன புடிக்கும்?"

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று விசாரித்தார். இல்லை, சும்மாதான் கேட்கிறேன் என்று இவர் சொன்ன பிறகு, ஏதோ பரீட்சையில் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி விட்டத்தைப் பார்த்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"என்னன்னு சொல்ல... சூடா இருந்தா எதுன்னாலும் புடிக்கும்ங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா கல்லுலேருந்து எடுத்து எடுத்துப் போடுவாங்க. அதுக்கப்பறம் எங்க?"

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. மழை பெய்து ரொம்ப நாளாகிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். சாரங்கபாணி திரும்பி நடந்தார்.

கூடத்தின் கோடியில் ஒரு பெண் பெரிய தோசைக்கல் மாதிரி ஒன்றை அடுப்பில் வைத்துச் சோள ரொட்டி போட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருந்தார். அங்கே போய் இரண்டு விரலைக் காட்டினார். அவள் கல்லிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டாள், பயறும் அள்ளி வைத்தாள். ஆவி பறந்தது. இன்னொரு தட்டை எடுத்து மேலே கவிழ்த்து மூடிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி, ஏறக்குறைய ஓடினார். அவர்கள் அறை ரிசார்ட்டின் மறுகோடியில் இருந்தது. வழி முழுக்கக் கடற்காற்று. வழியில் வந்தவர்களெல்லாம் அந்தப் பெரியவருக்கு என்ன அவசரமோ என்று ஒதுங்கி நின்றார்கள்.

அவர் ஓடிவந்ததற்காக மங்களாம்பிகை ஒரே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். நல்ல சூடாக இருக்கிறது என்றார். சாரங்கபாணி கையை நீட்டி ரொட்டியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த வாழைமட்டை மாதிரி விறைத்துச் சில்லென்று கிடந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள் என்று நினைத்தார். வீட்டில் சாப்பிட்டாயா என்று எப்போதாவது ஒப்புக்குக் கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில்களையும் இனிமேல் எப்படி நம்புவது?

தட்டை மனைவியின் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். ஆபீஸுக்குப் போய், தெரிந்த இங்கிலீஷில் வீல் சேர் என்று இரண்டு தரம் சொன்னார். கொடுத்தார்கள். மங்களாம்பிகை ஏறமாட்டேன் என்று மறுத்தார். இத்தனை பேர் பார்க்க, புருஷன் தள்ளிக்கொண்டு போக, தான் உட்கார்ந்து போவதா என்று கூசினார். இங்கே யாருக்கு நம்மைத் தெரியும் என்று சாரங்கபாணி அதட்டினார். வாழ்நாளில் அவர் போட்ட அதட்டல்களில் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும்.

கூடத்தில் வேறு எங்கும் நிறுத்தவில்லை. நேராக அந்த அடுப்புக்குப் பக்கத்தில், அனல் முகத்தில் அடிக்கிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ரொட்டி போடுகிற பெண்ணுக்குச் சொல்லாமலே விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றை எடுத்து மங்களாம்பிகையின் தட்டில் போட்டாள். அது உப்பி, புகைந்துகொண்டிருந்தது.

மங்களாம்பிகை கையை வைக்கவில்லை. தட்டைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"நீங்க இன்னும் சாப்பிடலையே," என்றார்.

தான் பிறகு சாப்பிடுவதாகச் சொன்னார் சாரங்கபாணி. அந்த அம்மாளின் கை அசையவில்லை. உப்பியிருந்த ரொட்டி தட்டில் மெல்ல அமுங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இதுவும் ஆறிவிடும். மன்றாடினாலும் சாப்பிடமாட்டாள், அதட்டினாலும் சாப்பிடமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. தான் எதிரில் நிற்கும்வரை அவளுக்குத் தொண்டையில் இறங்காது. அவர் ஒரு தட்டை எடுத்தார். ஜட்டி மாதிரி கால்சட்டை போட்ட இரண்டு பையன்களுக்குப் பின்னால் போய், தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சற்றுப் பொறுத்துத் தலையை மட்டும் திருப்பினார். மங்களாம்பிகை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலைச் சுட்டுக்கொண்டு உதறினார், ஊதினார், வாயில் போட்டார், கண்ணில் தண்ணீர் வந்தது, மறுபடியும் பிய்த்தார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தை இவ்வளவு நாள் பார்க்காமல் போனோமே என்று சாரங்கபாணிக்கு நெஞ்சு வலித்தது. பார்த்துக்கொண்டே நின்றார். அப்போதுதான் அதைக் கவனித்தார். அவள் வாயின் இடது பக்கம் மட்டும்தான் மென்றது. வலது பக்கத்துக்கு ஒரு துண்டுகூடப் போகவில்லை.

வரிசையை விட்டு வந்து, அந்தப் பக்கம் என்ன என்று கேட்டார்.

"கடைவாய்ப் பல்லு ரெண்டும் இல்லைங்களே. ராம்கி அமெரிக்கா போன வருஷமே தஞ்சாவூருல புடுங்கியாச்சு."

யாரோடு போனாய் என்று கேட்டார்.

"நானேதான் பஸ்ஸுல போயிட்டு வந்தேன். காலையிலேயே உங்களுக்குச் சமைச்சு வெச்சிட்டுத்தான் போனேன்," என்றார் மங்களாம்பிகை, அடுத்த ரொட்டிக்குத் தட்டை நீட்டிக்கொண்டே. "கொழம்பு ஆறிப்போச்சுன்னு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனீங்களே, அன்னைக்குத்தான்."