ஒன்றாம் எண்ணில் நின்ற எருமை

கடைக்கு வருகிறவர்கள் அவளை ரிப்பேர் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெடி என்பார்கள். இரண்டும் பொருத்தம்தான். பதினெட்டு வருடமாக அந்தக் கருவிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து டிரில் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறாள்; அதே பதினெட்டு வருடமாகக் கடை முதலாளியான சொந்த அண்ணனோடு சண்டை போடுகிறாள். எலியும் பூனையும்கூட எப்போதாவது களைத்துப் போகும். இவர்கள் களைக்கவில்லை.

பேட்டரி டிரில் செத்துவிட்டது என்று ஆட்கள் வீசிவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் செத்தது உள்ளே இருக்கும் ஐந்து செல்லில் ஒன்றுதான். அவள் உறையைத் திறந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, நல்ல நாலையும் எடுத்துக்கொள்வாள். மோட்டாரையும் பல்சக்கரப் பெட்டியையும் கழற்றிக்கொள்வாள். அத்தனையும் சேர்ந்து ஒருநாள் சக்கரம் வைத்து ஓடும்.

"குப்பைக்குக் குழந்தை பொறந்திருக்கு" என்பான் அண்ணன். கல்யாணமாகாத தங்கையிடம் வேறெப்படிக் கேலி செய்வது என்று அவனுக்குத் தெரியாது. அவள் ஸ்பேனரை எறிவாள். இதுவரை பட்டதில்லை.

இந்த முறை செய்த ரோபோவுக்கு எருமை என்று பெயர் வைத்திருந்தாள். இரண்டு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு டிரிலின் மோட்டார், பெட்டி, கழுத்தில் இருக்கும் எண் வளையம் எல்லாம் அப்படியே. அந்த வளையத்தை ஒன்றில் வைத்தால், லேசாக எதிர்ப்பு வந்ததும் உள்ளே டகடகவென்று வழுக்கி, சுற்றாமல் நின்றுவிடும். கடைசிக் குறிக்குத் திருப்பினால்தான் முழு பலம். முன்னொரு காலத்தில் ஒரு வாடிக்கையாளர் முழு பலத்தில் இருந்த டிரிலால் மணிக்கட்டைத் திருகிக்கொண்டு சண்டைக்கு வந்ததிலிருந்து கடையில் ஒரே சட்டம்: ஒன்றில் வைக்காமல் எந்த டிரிலும் மேசையைத் தாண்டக் கூடாது.

நூலக ஹாலில் சனிக்கிழமை ரோபோ போட்டி. பலகையை விட்டு எதிராளியைத் தள்ளினால் வெற்றி. அண்ணனுக்குப் பின்னறை வேண்டியிருந்தது, புதிதாக வரும் ஏணிகளை அடுக்க.

"ஜெயிச்சிட்டு வா, ரூம் ஒனக்கு. தோத்தா மறுநாளே காலி பண்ணு."

"ஒன் ஏணியில நீயே ஏறி உக்காந்துக்க. ரூம் எனக்குத்தான்."

போட்டியன்று காலை கடை மேசைமேல் எருமை ஒரு பெட்டி நிறைய ஆணியை முட்டித் தள்ளிக் காட்டியது. அதை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

எதிராளி ஒரு பல் டாக்டர். அவர் ரோபோ அவர் நோயாளிகளின் பல்லைவிடப் பளபளப்பாக இருந்தது. இரண்டும் முட்டிக்கொண்டன. எருமையிலிருந்து டகடகடக என்று சத்தம் வந்தது, சக்கரம் சுற்றவில்லை. நாலே வினாடியில் கீழே கிடந்தது. ஹால் சிரித்தது.

குனிந்து பார்த்தாள். இரண்டு வளையமும் ஒன்றில் நின்றன. வாசலருகே அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"ஒடம்பொறந்தவனாடா நீ? கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே! நீ வெளங்குவியா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தான். வாய்ச்சண்டையில் அவன் சளைத்தவனே அல்ல. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருக்கையில், ரிப்பேருக்குக் கொடுத்த டிரிலை வாங்க ஒருவர் வந்தார். எடுத்துக் கொடுத்தாள். அது மேசையைத் தாண்டும்முன் அவள் கட்டைவிரல் தானாகவே வளையத்தை ஒன்றுக்குத் திருப்பியது. அவர் போன பிறகும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றான் மேசைக்குப் பின்னாலிருந்த அண்ணன்.

"நேத்து... நான்தானா?"

"பின்ன யாரு? பெட்டியில வைக்கும்போது ரெண்டையும் திருப்புன. இங்க ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தியா?"

"எனக்கு ரூம் வேணும்ல."

வெளியே லாரியிலிருந்து ஏணிகளை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் எருமையை மேசைமேல் வைத்து, அவன் கண்ணெதிரே இரண்டு வளையத்தையும் கடைசிக் குறிக்குத் திருப்பினாள். அப்படியே தூக்கிக்கொண்டு மேசையைத் தாண்டி, தெருவில் இறங்கி நடந்தாள்.

பின்னறையில் வாடிக்கையாளர்களின் ஏழு டிரில்கள் பிரித்தபடி கிடந்தன. எந்தத் திருகாணி எதனுடையது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.