ஸ்டெப்னி இருந்த குழி

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வண்டியைத்தான் உதைப்பேன். அன்றைக்கும் உதைத்தேன். ராயக்கோட்டை தாண்டி பாலக்கோட்டுக்கு வரும் நாலுவழிச் சாலையில், பட்டப்பகல் பத்தரை மணிக்கு, பின்பக்க டயர் படாரென்று வெடித்தது. கார் ஒரு ஆட்டம் ஆடியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, பிரேக்கை மிதிக்காமல் மெதுவாக ஓரம் கட்டிவிட்டேன். பரவாயில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலெல்லாம் டிக்கியைத் திறக்கும்வரைதான்.

டிக்கியில் ஸ்டெப்னி டயர் இல்லை. அது இருக்கவேண்டிய குழியில் நசுங்கிய தக்காளி இரண்டு கிடந்தன.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் தக்காளி சீசனில் டெம்போ கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கார் வைத்திருப்பவன் பின் சீட்டை மடக்கி, ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, தக்காளிப் பெட்டிகளை, எங்கள் பேச்சில் கிரேட்டுகளை, அடுக்கி பாலக்கோடு மார்க்கெட்டுக்கு ஓட்டுவான். ஸ்டெப்னியை எடுத்தால் ஒரு கிரேட் அதிகம் வைக்கலாம். ஒரே ஒரு கிரேட். பாதி ஊர் இப்படித்தான் ஓட்டுகிறது. எல்லாரும் செய்வதால் அது முட்டாள்தனம் என்று எவனுக்கும் தோன்றுவதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பக்கத்து சீட்டில் என் மனைவி இருந்தாள். அன்று விடியற்காலையில்தான் அவளுடைய அப்பா இறந்துபோனார். ஏரியூருக்குப் பக்கத்துக் கிராமம். மதியம் ஒரு மணிக்கு மாதா கோயிலில் பூசை, முடிந்ததும் அடக்கம் என்று மச்சான் சொல்லியிருந்தான். மகளுக்குப் பிரசவம் ஆகியிருந்ததால் மனைவி ஓசூரில் இருந்தாள். செய்தி வந்தபோது நான் மார்க்கெட்டில் லோடு இறக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் இப்பவே பஸ் ஏறிக்கறங்க" என்று போனில் அழுதாள்.

"பஸ்ல எதுக்கு அலையற? நான் வந்து கூட்டிட்டுப் போறன், இரு" என்றேன். பெரிய இவன் நான்.

லோடை இறக்கிவிட்டு நேராக ஓசூருக்கு விரட்டினேன். எங்கள் வீடு அந்த வழியில்தான், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே. போய் ஸ்டெப்னியை எடுத்துப் போட்டுக்கொண்டு வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நினைப்பு வராமல் இல்லை, வந்தது. அட, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

அவள் இறங்கி வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஸ்டெப்னி எங்கீங்க?"

"வூட்ல."

"வூட்லயா?" அந்தக் குழியையும் தக்காளியையும் பார்த்தாள். பிறகு ரோடு என்றும் பார்க்காமல் கத்தினாள். "எங்கப்பன் மொகத்த விட உங்களுக்கு ஒரு கிரேட்டு தக்காளி பெருசாப் போச்சா? காத்தாலயே பஸ் ஏறியிருந்தா இந்நேரம் பென்னாகரம் போயிருப்பனே!"

பதில் சொல்ல முடியாதவனுக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். எனக்கும் வந்தது. ஜாக்கியைத் தூக்கித் தரையில் எறிந்தேன். டயர் விற்றவனைத் திட்டினேன். பட்டன் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்த டயரை மாற்றச் சொல்லி அவன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம். ரோடு போட்டவனைத் திட்டினேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

ஒரு கார்க்காரன் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினான். "என்னங்க, டயர் வெடிச்சிருச்சா?"

"இல்ல, நடந்து நடந்து கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்குது. போய்யா!"

அவன் உதவிதான் செய்திருப்பான் பாவம். போய்விட்டான்.

தம்பிக்குப் போன் போட்டேன். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன் ஐந்தாவது தடவைதான் எடுத்தான். ஸ்டெப்னியை பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு வா என்றேன். கால் மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அண்ணா, ஸ்டெப்னி இருக்கற ரூம் பூட்டியிருக்குது. சாவி எங்க?"

சட்டைப் பையைத் தடவினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. "ஒட, பூட்ட ஒட!" என்று கத்தின கத்தலில் எனக்கே காது அடைத்தது.

மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் தோளில் கைப்பை, அதற்குள் ஒரு ஜெபமாலை. போன வருஷம் அவள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது, "நீயே வெச்சிரு சாமி. நான் போறப்ப உங்கையால எங்கையில சுத்தி உடு" என்று மாமனார் திருப்பிக் கொடுத்தது. பெட்டியை மூடினால் மூடினதுதான். அதன்பிறகு ஒரு முகமும் கிடையாது, கையும் கிடையாது.

"எதாச்சும் வண்டிய நிறுத்தி என்ன மட்டும் ஏத்தி உடுங்க. தர்மபுரி போயிட்டா பஸ் இருக்குது. நீங்க அப்பறமா வாங்க."

எவ்வளவு நியாயமான பேச்சு. நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவன் கெளம்பிட்டான். பத்து நிமிஷம், பொறு" என்றேன். பெண்டாட்டியை முன்பின் தெரியாத வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நடுரோட்டில் நிற்பதா என்று எனக்கு ரோஷம். ரோஷமாம் ரோஷம். அதைத் தூக்கிக் குப்பையில் போட.

பூட்டை உடைத்து, மேலே அடுக்கியிருந்த காலி கிரேட்டுகளைத் தள்ளி, ஸ்டெப்னியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு தம்பி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. டயரை மாற்றிக் கிளம்பப் பன்னிரண்டே கால். மச்சானுக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். "கொஞ்சம் நிறுத்தி வெய்யுங்க மாப்ள. உங்கக்கா வந்தரட்டும்."

"மூணு மணிக்கு ஃபாதருக்கு இன்னொரு ஊர்ல பூசைங்க மாமா. எவ்ளோ முடியுமோ அவ்ளோ இழுக்கறன். சீக்கிரம் வாங்க."

தர்மபுரியில் லாரி, பென்னாகரம் ரோட்டில் ஆட்டு மந்தை. ஹாரனை அடித்து அடித்து உள்ளங்கை சிவந்துபோனது. அவள் ஜெபமாலையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டே வந்தாள். இரண்டு மணிக்கு மச்சான் கூப்பிட்டான். அவள்தான் எடுத்தாள். கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பிறகு ஜெபமாலையைப் பைக்குள் திரும்பப் போட்டு ஜிப்பை இழுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை.

இரண்டரைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மண்ணை மேடு கட்டி, சிலுவை நட்டு, பூ போட்டிருந்தார்கள். மண்வெட்டிக்காரர்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் மேட்டின் மேல் விழுந்து இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தாள். தோண்டி எடுத்துவிடுவாளோ என்று பயந்து மச்சான் ஓடிப்போய்த் தூக்கினான். ஜெபமாலையைச் சிலுவையில் மாட்டினாள். அது காற்றில் ஆடியது. அந்த இடத்தில் என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எல்லாரும் "வாங்க மாமா, தண்ணி குடிங்க" என்றார்கள்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மறுபடி சீசன். மறுபடி ஊரே ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டுவிட்டது. மார்க்கெட்டில் நிற்கும் கார்களின் டிக்கியைத் திறந்து பார்த்து நான் சண்டை போடுகிறேன். "உங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று கேட்கிறார்கள். ஆமாம், பிடித்திருக்கிறது.

எங்கள் காரில் ஒரு கிரேட் குறைவாகத்தான் போகிறது. நான்கு டயரும் புதுசு, ஸ்டெப்னியும் புதுசு. இருந்தாலும் எங்கே கிளம்பினாலும் அவள் முதலில் பின்பக்கம் போய் டிக்கியைத் திறக்கிறாள். உள்ளே விரித்திருக்கும் பாயைத் தூக்கி, ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பார்க்கிறாள். மூடிவிட்டு வந்துதான் ஏறுகிறாள். நான் சாவியோடு நின்றுகொண்டிருப்பேன். இருக்குது, ஏறு என்று சொல்ல வாய்வரைக்கும் வரும். சொல்லமாட்டேன். என் பேச்சை நம்பி அவள் ஒரு தடவை ஏறியாயிற்று.