டிஷ்யூ பெட்டியை நீட்டாத அக்கா

என் அக்கா மனநல ஆலோசகர். அழுகிறவர்களிடம் பேசுவதுதான் அவள் வேலை. அவள் அறையில் டிஷ்யூ பெட்டி வருகிறவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவள் எடுத்து நீட்ட மாட்டாள். நீட்டினால் "அழுதது போதும்" என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம்.

வீட்டில் என் கேலிக்கு இது நல்ல தீனி. அம்மா வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கசக்கினால் போதும், தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, அக்காவாகவே மாறிவிடுவேன்.

"ரொம்ப பாரமா இருக்கா? அவசரமில்ல, அழுங்க."

"கொழுப்புடா உனக்கு" என்று அக்காவே சிரிப்பாள்.

நேற்று வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அவளிடம் வந்துகொண்டிருந்த கல்லூரிப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டாளாம். சொல்லும்போதே உடைந்து அழுதாள். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு வந்து, பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"குடுக்கலாமாடா? குடுக்கக் கூடாதும்பாளே."

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கேலி இல்லாமல், அவள் குரலிலேயே கேட்டேன்.

"ரொம்ப பாரமா இருக்கா? அவசரமில்ல, அழு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"இதேதான்டா. போன வாரம் அவகிட்டயும் இதே குரல்ல இதையேதான் சொன்னேன். அழுது முடிச்சிட்டு, தேங்க்ஸ் மேடம்னு சொல்லிட்டுப் போனா."

அம்மா துண்டை அவள் மடியில் வைத்தாள். அக்கா அதைத் தொடவில்லை.