மாற்றல் இல்லாத மாப்பிள்ளை

கல்கத்தாவின் பெஹாலாவில் நான் நிர்வாகம் பார்த்த பள்ளியில், தொண்ணூறுகளின் கடைசியில், எதற்குப் பஞ்சம் இருந்தாலும் வழியனுப்பு விழாவுக்குப் பஞ்சமில்லை. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் கூடுதல் சம்பளம் என்று போனாள். அடுத்தவளின் கணவர் ராணுவத்தில்; ஜோத்பூருக்கு மாற்றல். எல்லோருக்கும் ஒரு கைத்தறிப் புடவை, ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு, கண்ணீரும் கம்பலையுமாக ஒரு குரூப் போட்டோ.

எனக்கு வயிற்றெரிச்சல் வேறு. மூன்றாம் வகுப்பில் ஒரு வங்காளிச் சிறுமிக்குக் கடுமையான திக்குவாய். பயிற்சி கொடுக்க ஆள் இருந்தால் நாலு வார்த்தை பேசுவாள். அவர் போய்விட்டால் மாதக்கணக்கில் வாயே திறக்க மாட்டாள். "இன்னொரு தடவை ஆள் மாறினால் இவள் பேசுவதையே விட்டுவிடுவாள்" என்று அவளுடைய அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தமிழ்ப் பெண் வேலைக்கு வந்தாள். மைசூரில் படித்தவள். அப்பா ரயில்வே, கரக்பூரில் வளர்ந்ததால் வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிறுமி அவளிடம் அப்படி ஒட்டிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் நான் நாளை எண்ண ஆரம்பித்தேன். எந்த நிமிஷமும் ஒரு பெங்களூர் மாப்பிள்ளை வந்து கொத்திக்கொண்டு போய்விடுவான்.

சம்பளத்தைக் கூட்டலாமே என்று நிர்வாகக் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. மாற்றல் உத்தரவுக்குப் பயந்தே குடித்தனம் நடத்தும் கல்கத்தாத் தமிழர்களுக்குத் தோன்றுவதே வேறு. மாற்றலே வராத மாப்பிள்ளையாகப் பார்த்து இவளைக் கட்டிவைத்துவிட்டால்?

லேக் மார்க்கெட்டில் அப்பளம், ஊறுகாய், காபிப்பொடி விற்கும் குடும்பம் ஒன்று எனக்குப் பழக்கம். மூன்று தலைமுறையாக ஒரே தெரு. பையன் ஹௌரா பாலத்தைத் தாண்டுவதற்கே நாள் பார்ப்பான். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்.

"ஊர் மாறணும்னு நினைச்சாலே எனக்கு ஜுரம் வந்துடும், மாமி" என்றான். அந்த ஒரு வார்த்தை போதாதா? ஜாதகம்கூட எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர்களைவிட நான்தான் அதிகம் ஓடியாடினேன்.

ஒரு வருஷம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்து நின்றாள். "மேடம், சிங்கப்பூர்ல ஒரு ஸ்கூல்ல கூப்பிடறாங்க. நல்ல சம்பளம்."

"உன் வீட்டுக்காரர் எப்படிம்மா வருவார்? ஜுரம் வந்துடுமே!"

"அவர்தான் மேடம் போகலாம்னு குதிக்கிறார். அப்பளம் அங்கேயும் விக்கலாமாம்."

மாப்பிள்ளைக்கு மாற்றல் வராது என்று பார்த்தேனே தவிர, அவளுக்கு வரும் என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. அன்று முழுக்க வீட்டில் என் கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

அவளுடைய வழியனுப்பு விழாவில் எல்லோரும் சிங்காரா என்கிற வங்காளச் சமோசாவைத் தின்றுகொண்டிருந்தபோது அந்தச் சிறுமி நேராக என்னிடம் வந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தெம்பில்லை.

"நீ... நீங்கதானே அவங்களுக்குக் க... க..." என்று வங்காளத்தில் ஆரம்பித்தாள்.

கல்யாணம் என்று எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். பயிற்சிக்காரி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "விடுங்க மேடம். அவளே முடிக்கட்டும்."

முடித்தாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நடுவில் நின்று மூச்சு வாங்கி, எல்லோர் முன்னாலும் முழுசாக முடித்தாள். நான்தான் கல்யாணம் பண்ணிவைத்து மிஸ்ஸை ஊரைவிட்டே போகவைத்தேனாம். அடுத்து வருகிறவர் பேரன் பேத்தி எடுத்தவராக இருக்க வேண்டுமாம்.

"சீ... சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. எனக்கு இன்னும் நிறையப் பே... பேசணும்."

அவளுடைய அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஒரு குழந்தையிடம் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.