பச்சை இல்லாத மலை

சிரம்பானில் ஓர் ஓவியக் கண்காட்சி. ஒரு படத்தில் மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கி நின்றேன். ஆறும் மரங்களும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது வெறும் புள்ளிகள்.

"பின்னால வந்து பாருங்கம்மா," என்றாள் மகள்.

பின்னாலா! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது, வெள்ளைக்காரர் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்வேலி. வேலிக்கு அப்பால் தெரிந்த மலையை அத்தை மாவுச் சாக்குத் துணியில் வரைந்து, வாசலில் திரையாகத் தொங்கவிட்டாள். ஈர்க்குச்சியால் மஞ்சளில் ஒரு பொட்டு, பக்கத்திலேயே துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு பொட்டு. கலந்து பூசினால் சேறாகிவிடுமாம்.

அந்த வாரம் பட்டாளத்து லாரிக்கு அடிக்கும் பச்சை பெயிண்ட் காணாமல் போயிருந்தது. அதைக் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்தவர் யாரானாலும் சிறைதான். வெள்ளைக்கார அதிகாரி வந்து எங்கள் பச்சை மலையை முறைத்தார்.

"பச்சை பெயிண்ட் ஏதுன்னு கேக்கறாரு," என்று மொழிபெயர்த்தார் தோட்ட அலுவலகக் கிராணி, வெளிறிப்போய்.

"ஏதுங்கய்யா பச்சை? கிட்ட வந்து பாக்கச் சொல்லுங்க," என்றாள் அத்தை.

வந்தார். மஞ்சளும் நீலமும்தான். பின்னால் போனார், பச்சை. முன்னால் வந்தார், காணோம். மறுபடி பின்னால், இன்னும் பின்னால் என்று போனவர் சாக்கடையில் தொபுக்கென்று உட்கார்ந்தார்.

அவர் எழுந்திருக்காமல் திரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றாள் அத்தை.

"இங்கேருந்துதான் மலை நல்லாத் தெரியுதாம்," என்றார் கிராணி.

"வாங்கம்மா," என்று மகள் மறுபடி கூப்பிட்டாள். சாக்கடை இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் காலைப் பின்னால் வைத்தேன்.